கத்திரி வெயிலில் கத்தும் கம்ப்யூட்டர் ஃபேன்: ‘ஆட்டோ’வை நம்பி விட்டுவிடலாமா?

மே மாதம், மதியம் 3 மணி. தாராசுரம் ஐராவதீஸ்வரர் கோயிலின் வெளிப் பிராகாரக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. பக்கத்துத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். காதைக் கொஞ்சம் தீட்டினால் இன்னொரு சத்தமும் கேட்கலாம். ஏ.சி. இல்லாத ஓர் அறையில், மேஜைக்கு அடியில், ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் ‘ஙொய்ய்ய்’ என்று ஏறும், பத்து விநாடியில் அடங்கும், மறுபடி ஏறும்.

வெயில் காலத்தில் சர்வீஸ் கடைக்குப் போகும் போன் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

“அண்ணே, சிஸ்டம் ரொம்பக் கத்துது. வேலையும் ஸ்லோ ஆகுது.”

“ஃபேன் ஓடுதுல்ல தம்பி? ஓடுனா சரிதான். தூசி அடைச்சிருக்கும். கொண்டாந்து குடு, ஊதித் தர்றேன்.”

தூசியை ஊதினால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதை. அடுத்த யோசனை புது ஃபேன். அதற்கும் அடங்கவில்லை என்றால், “பிராசஸரே பழசு, மாத்திடலாம்” என்ற முடிவு. பல நேரங்களில் கோளாறு இதில் எதிலுமே இருக்காது. யாரும் திறந்து பார்க்காத ஒரு செட்டிங்ஸ் திரையில் உட்கார்ந்திருக்கும். எந்த வெப்பத்தில் ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் கோடு அது. பெயர் ‘ஃபேன் கர்வ்’. அந்தக் கோட்டைப் போட்டவர், 22 அல்லது 25 டிகிரியில் இருக்கும் அறையை மனதில் வைத்துப் போட்டிருப்பார். தாராசுரத்து மே மாதம் அவர் கணக்கில் இல்லை.

கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. பட்டு நெசவு ஊர்களில் சேலையின் முந்தானையும் பார்டரும் இப்போது கிராஃப் தாளில் பிறப்பதில்லை, கம்ப்யூட்டரில் பிறக்கின்றன. (துளையிட்ட அட்டையைப் பார்த்து இழையைத் தூக்கும் ஜக்கார்டு, 1804-ம் ஆண்டு வாக்கில் பிரான்சில் வந்தது. அந்த அட்டை யோசனையைத்தான் பிற்காலத்தில் கணக்குப் போடும் இயந்திரங்கள் கடன் வாங்கின. கம்ப்யூட்டர் இப்போது தறிக்குக் கடனைத் திருப்பிக் கட்டுகிறது.) வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளைகள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான். 3 மணிக்கு மெஷின் மந்தமானால், மாலை கொடுக்க வேண்டிய வேலை ராத்திரிக்குத் தள்ளிப் போகும்.

ஏன் மந்தமாகிறது?

பிராசஸருக்குள்ளேயே வெப்பம் அளக்கும் சென்சார்கள் உண்டு. ஒரு எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு ‘தெர்மல் த்ராட்லிங்’ என்று பெயர். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90, ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அதாவது கம்ப்யூட்டர் ‘கெட்டுப்போய்’ ஸ்லோ ஆகவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக நடக்கிறது.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றைக் கொண்டு வந்து சூட்டை ஏற்றி அனுப்புகிறது, அவ்வளவுதான். ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால், அறைக்கும் பிராசஸருக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது. 25 டிகிரி அறையில் முழு வேலையில் 70 டிகிரி காட்டும் மெஷின், 38 டிகிரி அறையில் 83 டிகிரி காட்டும். அறையில் ஏறிய 13 டிகிரி அப்படியே பிராசஸர் தலையில் ஏறுகிறது.

பெரிய சர்வர் கூடங்களுக்கு அமெரிக்காவின் ‘ஆஷ்ரே’ அமைப்பு பரிந்துரைக்கும் உள்வரும் காற்றின் வெப்பம் 18 முதல் 27 டிகிரி வரை. அதற்காகவே அங்கே ஏ.சி. இரவும் பகலும் ஓடுகிறது. தஞ்சாவூர் சாலையில் இருக்கும் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதில் வெறும் காற்றை நம்பவில்லை. திரவத்தைச் சில்லுகளின் அருகிலேயே ஓடவிட்டுச் சூட்டை இழுக்கிறார்கள். தாராசுரத்து வீட்டு அறைக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது. கையில் இருப்பது ஃபேன்தான். அதை ஒழுங்காக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலு கம்பி என்ன பேசுகிறது?

டெஸ்க்டாப்பின் ஃபேன் ஒயரைப் பாருங்கள். நாலு ஓட்டை உள்ள பிளக் என்றால் அதிர்ஷ்டம். ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட் மின்சாரம், மூன்றாவது ‘நான் இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன்’ என்று ஃபேன் திருப்பிச் சொல்லும் கம்பி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். போர்டு அதை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும். நாலாவதுதான் கட்டளைக் கம்பி. அதில் போகும் சிக்னலின் பெயர் பி.டபிள்யூ.எம். விநாடிக்கு சுமார் 25,000 முறை ‘ஆன்–ஆஃப்’ சொல்லிக்கொண்டே இருக்கும். அதில் ‘ஆன்’ நேரம் 30 சதவீதம் என்றால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். 100 சதவீதம் என்றால் முழு வேகம். ஏன் 25,000? மனிதக் காது சுமார் 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. அதற்குக் கீழே வைத்திருந்தால் ஃபேனின் மோட்டாரே கீச்சுக் கீச்சென்று பாடும்.

மூன்று ஓட்டை என்றால் கட்டளைக் கம்பி கிடையாது. போர்டு மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘டி.சி.’ என்று இருப்பது இதற்குத்தான். மூன்று கம்பி ஃபேனைப் போட்டுவிட்டு ‘பி.டபிள்யூ.எம்.’ என்று விட்டுவைத்தால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். “புது ஃபேன் மாத்தினதிலிருந்துதான் கத்துது” என்ற புகாருக்கு இந்த ஒரு வரியே காரணமாக இருக்கலாம். காசு கொடுத்துச் சத்தம் வாங்கிய கதை.

முடிவெடுப்பது யார் என்பதும் முக்கியம். பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுகளில் நுவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்களின் சின்னச் சிப் ஒன்று இருக்கும். பயாஸில் நீங்கள் போடும் கோடு அந்தச் சிப்புக்குப் போய்ச் சேரும். விண்டோஸ் உறைந்து நின்றாலும் சிப் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

லஸ்கருக்குத் தெரிந்த பாடம்

ஃபேன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி உயிரை எடுப்பதற்கு வருவோம். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியதும் ஷட்டரைத் தூக்கி, அதே விரற்கடை இறங்கியதும் இறக்கினால் அவர் நாள் முழுக்கச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அனுபவப்பட்ட ஆள் அப்படிச் செய்ய மாட்டார். இவ்வளவு ஏறினால் திறப்பது, அதைவிட ஓர் அடி கீழே இறங்கிய பிறகே மூடுவது என்று இரண்டு குறி வைத்திருப்பார்.

ஃபேன் செட்டிங்ஸில் இந்த இடைவெளிக்குப் பெயர் ‘ஹிஸ்டெரிசிஸ்’. 60 டிகிரியில் வேகம் கூட்டச் சொல்லி, இடைவெளி 5 என்று வைத்தால், 55-க்கு இறங்கும்வரை வேகம் குறையாது. இடைவெளி 0 என்றால் 59-க்கும் 61-க்கும் இடையில் ஃபேன் ஊஞ்சல் ஆடும்.

இந்த விஷயத்தில் ராஸ்பெர்ரி பை 5 நல்ல உதாரணம். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், 2023-ல் வந்தது. அதன் ஃபேன் 50 டிகிரியில் 30 சதவீத வேகத்தில் தொடங்கும், 60-ல் 50 சதவீதம், 67.5-ல் 70 சதவீதம். 75-ல் முழு வேகம். ஒவ்வொரு படிக்கும் 5 டிகிரி இடைவெளி கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். குளிர்ந்த ஊரில், சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றே இருக்கும். நம் ஊர் மே மாதத்தில் அது நிற்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் சும்மா இருக்கும்போதே 50-ஐத் தாண்டிவிடும். பிழை ஃபேனில் இல்லை. வேண்டுமானால் ‘கான்ஃபிக்’ கோப்பில் அந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பிராசஸரின் வெப்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவும். பிரவுசரைத் திறந்தால் போதும், ஒரே விநாடியில் 15, 20 டிகிரி குதித்துவிட்டு இறங்கும். அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹீட்சிங்க் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. கோயில் பிராகாரம் மாதிரிதான். காலை 8 மணி வெயிலில் கல் சுடுவதில்லை. சாயங்காலம் 6 மணிக்கு வெயில் போன பிறகும் சுட்டுக்கொண்டிருக்கும். கல்லுக்கும் உலோகத்துக்கும் சூட்டைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. அதனால் ஃபேன் ஒவ்வொரு தாவலுக்கும் பதறத் தேவையில்லை. ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்டெப் டவுன்’, ‘ரெஸ்பான்ஸ் டைம்’, ‘ஸ்மூத்திங்’ என்று ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ஏறுவதற்கு 3 விநாடி அளவும், இறங்குவதற்கு அதைவிடக் கூடுதலாகவும் தாமதம் கொடுத்தால் சத்தம் சீராகும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேரின் தலைவலி தீர்ந்துவிடும்.

உங்கள் அறைக்கு உங்கள் கோடு

யூடியூபில் யாரோ காட்டிய கோட்டைக் காப்பியடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. ‘40 டிகிரி வரை சத்தமே வேண்டாம், 50-ல் 60 சதவீதம்’ என்று அவர் போட்டிருப்பார். அவர் அறையில் சும்மா இருக்கும் பிராசஸர் 35-ல் இருக்கும். தாராசுரத்தில் அதே பிராசஸர் சும்மா இருக்கும்போதே 50. ஆக, நீங்கள் எக்ஸெல்லில் ஒரு வரி தட்டுவதற்குக்கூட ஃபேன் 60 சதவீதத்தில் அலறும். வெறும் சத்தம் மட்டுமல்ல. அந்த வேகத்தில் அறையின் தூசியையும் சேர்த்து உறிஞ்சும். பட்டு இழையின் பிசிறு பறக்கும் வீடென்றால் ஹீட்சிங்க் சீக்கிரமே பஞ்சு மெத்தை ஆகிவிடும்.

வேகத்தைக் கூட்டுவதன் விலை என்ன என்று தெரிந்தால் நிதானம் வரும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் மோட்டார் தின்னும் மின்சாரம் எட்டில் ஒன்றாகக் குறையும். சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். மறுபக்கம், ஏற்கெனவே வேகமாக ஓடும் ஃபேனை இன்னும் விரட்டுவதில் பலன் குறைந்துகொண்டே போகும். 40-லிருந்து 70 சதவீதம் போகும்போது கிடைக்கும் குளிர்ச்சி, 70-லிருந்து 100 போகும்போது கிடைக்காது. கடைசி 30 சதவீதம் பெரும்பாலும் சத்தம்தான்.

அளந்து பார்க்காமல் கோடு போடக் கூடாது. அளக்கச் சிறந்த நேரம் வெயில் உச்சத்தில் இருக்கும் மதியம் 2 முதல் 4 மணி. காலையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைச் சும்மா கால் மணி நேரம் ஓடவிட்டு பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் வழக்கமான கனமான வேலையைக் கொடுங்கள். டிசைன் ரெண்டரோ, வீடியோ எக்ஸ்போர்ட்டோ, எதுவானாலும் சரி. ஃபேனை 100 சதவீதத்தில் வைத்து 20 நிமிடம் ஓட்டினால், இந்த மெஷின் இந்த அறையில் தொடக்கூடிய குறைந்தபட்ச வெப்பம் எது என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே எந்த செட்டிங்கும் கொண்டுபோகாது. அடுத்து 80 சதவீதம், 60 சதவீதம் என்று இறக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் வெப்பம் சட்டென ஏறத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் ஃபேனின் நியாயமான வேகம்.

இனி கோடு போடலாம். சும்மா இருக்கும்போது 50 டிகிரி காட்டும் மெஷின் என்று வைத்துக்கொண்டால், 55 வரை 30 சதவீதம், 65-ல் 45, 75-ல் 70, 85-ல் 100 என்பது தொடக்கத்துக்குப் போதும். பிராசஸரின் எல்லை 90 என்றால் கடைசிப் புள்ளியை 80-க்கு இறக்கிவிடுங்கள். முழு வேகம் வரவேண்டிய இடம் எல்லைக்கு 10 டிகிரியாவது முன்னால் இருப்பது நல்லது. இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மெஷினுக்கு வேறு எண் வரும்.

100 சதவீதத்தில் ஓட்டியும் 90-ஐத் தாண்டுகிறது என்றால் கோட்டைத் திருத்திப் பயனில்லை. ஹீட்சிங்கில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சரியாக உட்காராத கூலர், சுவரோடு ஒட்டி வைத்த கேபினெட் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அங்கே கடைக்கார அண்ணன் சொல்வது சரி, ஊதத்தான் வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

பயாஸா, சாஃப்ட்வேரா?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ‘டெலீட்’ அல்லது ‘எஃப் 2’ பொத்தானைத் தட்டினால் பெரும்பாலான டெஸ்க்டாப்களில் பயாஸ் திறக்கும். அசுஸ் போர்டில் ‘கியூ-ஃபேன்’, ஜிகாபைட்டில் ‘ஸ்மார்ட் ஃபேன்’, எம்.எஸ்.ஐ.யில் ‘ஹார்ட்வேர் மானிட்டர்’ என்ற இடத்தில் கோடு இருக்கும். புள்ளியை மவுஸால் இழுத்துவிட்டுச் சேமித்தால் முடிந்தது. வீட்டு மெஷினுக்கு இதுவே போதும், இதுவே பத்திரமும்கூட. முன்னால் சொன்ன சிப், எது உறைந்தாலும் வேலை செய்யும் என்பதுதான் காரணம்.

சாஃப்ட்வேர் வழி வசதியானது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விண்டோஸில் ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருள் பிரபலம். கேபினெட் ஃபேனை பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டில் எது சூடோ அதற்கேற்ப ஓட்டு என்று சொல்ல முடியும். பல போர்டுகளின் பயாஸில் இது முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு 80-ல் வெந்துகொண்டிருக்கும். பிராசஸர் 55-ல் நிம்மதியாக இருக்கும். கேபினெட் ஃபேன் பிராசஸரை மட்டும் பார்த்துத் தூங்கும். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை. ஆனால் இத்தகைய மென்பொருள்கள் சிப்போடு பேச விண்டோஸின் அடிமடியில் கைவைக்க வேண்டும். அதற்காகப் பலவும் நம்பியிருந்த ‘வின்ரிங்0’ என்ற டிரைவரை, பாதுகாப்புக் குறை காரணமாக 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் பிடித்து ஓரங்கட்டத் தொடங்கியது. நேற்றுவரை வேலை செய்த ஃபேன் செட்டிங் மறுநாள் செத்துக் கிடந்தது.

லினக்ஸில் ‘எல்.எம். சென்சார்ஸ்’ தொகுப்பு உண்டு. ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ எந்தச் சிப் இருக்கிறது என்று தேடும். ‘பி.டபிள்யூ.எம்.கான்ஃபிக்’ எந்தக் கட்டளைக்கு எந்த ஃபேன் அசைகிறது என்று கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்க ஒவ்வொரு ஃபேனையும் சில விநாடி நிறுத்திப் பார்க்கும், எனவே ரெண்டர் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். பிறகு ‘ஃபேன்கன்ட்ரோல்’ பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் கோப்பில் ‘மின்டெம்ப்’ என்பது ஃபேன் குறைந்த வேகத்தில் இருக்க வேண்டிய வெப்பம், ‘மேக்ஸ்டெம்ப்’ முழு வேகம் வரவேண்டிய வெப்பம், நடுவில் நேர்கோடு.

அதே கோப்பில் ‘மின்ஸ்டார்ட்’, ‘மின்ஸ்டாப்’ என்று இரண்டு தனித்தனியாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். பஞ்சரான பைக்கைத் தள்ளிப் பாருங்கள். நிற்கும் வண்டியை அசைக்க ஒரு தம் கட்ட வேண்டும்; உருளத் தொடங்கிய பிறகு அவ்வளவு வேண்டாம். ஃபேனும் அப்படித்தான். நின்ற ஃபேனைக் கிளப்பக் கூடுதல் உந்தல் வேண்டும், அது மின்ஸ்டார்ட். ஓடும் ஃபேன் நின்றுவிடாமல் இருக்கும் குறைந்தபட்ச அளவு மின்ஸ்டாப். இரண்டையும் ஒன்றாக்கிக் குறைத்து வைத்தால், ஒருமுறை நின்ற ஃபேன் மறுபடி கிளம்பாமல் முனகிக்கொண்டே நிற்கும். வயதான ஃபேனுக்கு இந்த எண்கள் ஏறும். ஆகவே பிராசஸர் ஃபேனை முழுதாக நிறுத்தும் ஆசையை நம் ஊர் வெயிலில் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. இப்படிப்பட்ட மென்பொருள் ஒழுங்காக மூடப்பட்டால் ஃபேனைப் பழைய நிலைக்கு விட்டுவிட்டுப் போகும். திடீரென்று செத்தாலோ, சிஸ்டம் உறைந்தாலோ, கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஃபேன் நின்றுவிடலாம். 30 சதவீதத்தில் இருக்கும்போது செத்தால், வேலை ஏறினாலும் 30 சதவீதம்தான். பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கைக்கணக்கு. திங்க்பேட் லேப்டாப்புக்கான லினக்ஸ் டிரைவரில் இதற்கென்றே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள், அதிகபட்சம் 120 விநாடி, புதுக் கட்டளை வராவிட்டால் ஃபேன் பாதுகாப்பான நிலைக்குப் போய்விடும். அந்தக் காவலைத் தேடிப்பிடித்து இயக்கி வைப்பது நல்லது.

லேப்டாப் என்றால் என்ன செய்வது?

பெரும்பாலான லேப்டாப்களில் கோடு போடும் திரையே கிடையாது. உள்ளே இருக்கும் தனிச் சிப் ஒன்று கம்பெனி எழுதிய கோட்டைப் பின்பற்றும். உங்களுக்குக் கொடுப்பது ‘க்வயட்’, ‘பேலன்ஸ்டு’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற மூன்று பொத்தான்கள்தான். மே மாதத்தில் ‘க்வயட்’ என்பது ‘ஸ்லோ’ என்பதன் மரியாதையான பெயர். மடியிலோ மெத்தையிலோ வைக்காமல், பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வைத்தால் அடியில் இருக்கும் காற்று வழி திறக்கும். அதற்கு ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை, இரண்டு பழைய புத்தகம் போதும். பிராசஸரின் உச்ச வேகத்தை விண்டோஸ் பவர் செட்டிங்ஸில் 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பல மாடல்களில் ‘டர்போ’ அணைந்து சூடு நன்றாக இறங்கும். வேகமும் கொஞ்சம் போகும். இழப்பு எவ்வளவு என்று ஒரு வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பவர் கட் நாளில் கவனம்

மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரன்ட் இருக்காது என்று செய்தி வரும் நாட்கள் டெல்டாவில் எல்லோருக்கும் பழக்கம். சாயங்காலம் கரன்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறதா? ஃபேனும் பழையபடி கத்துகிறதா? மதர்போர்டில் இருக்கும் சின்னப் பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பல பழைய போர்டுகளில் அந்தச் செல் போனால், நீங்கள் மணிக்கணக்கில் அளந்து போட்ட கோடும் போய்விடும். போர்டு கம்பெனி கோட்டுக்குத் திரும்பிவிடும். சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கோட்டைச் சேமித்ததும் அந்தத் திரையை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மே மாதத்துக் கோடு ஒன்று, மார்கழிக்குச் சத்தம் குறைந்த கோடு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தாலும் தப்பில்லை. செல் மாற்றிய அன்று போட்டோவைப் பார்த்து நாலு புள்ளியை இழுத்துவிட இரண்டு நிமிடம் போதும்.